ஓட்டியவர் பெயர்

'நிறுத்தினேன்' என்று ஓரிடத்தில் வந்துவிட்டாலும் போச்சு, என்று நினைத்துக்கொண்டாள் மொய்ரா. கடிதம் முழுக்க 'ஓட்டியவர் நிறுத்தினார்' என்றுதான் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஸ்கார்பரோ கடற்கரையில் அவள் வண்டி நேரம் தாண்டி நின்றதற்குத் தனியார் பார்க்கிங் கம்பெனி கட்டணம் கேட்டிருந்தது. பதினான்கு நாளுக்குள் வர வேண்டிய நோட்டீஸ் இருபத்தொன்றாம் நாள்தான் வந்தது. அதனால் சட்டப்படி வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் இனி கேட்க முடியாது, ஓட்டியவரிடம்தான் கேட்கலாம்.

கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த மகள் டெஸ்ஸா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, அன்னைக்கு உன் கை மாவுக்கட்டுல இல்ல இருந்துச்சு? அப்ப யாரு ஓட்டினா?"

மொய்ரா டீக்கு கெட்டிலைப் போட்டாள். அன்று கடற்கரைக் கடையில் ஒற்றைக் கையோடு மீன் வறுவலை வெட்ட முடியாமல் அவள் விழித்தபோது, வண்டி ஓட்டிவந்து எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைத் துண்டு துண்டாக்கித் தந்தார். கணவர் இறந்த பிறகான எட்டு வருடத்தில் அவளுக்கென்று நேர்ந்தது அது ஒன்றுதான். பெயரைச் சொன்னால் ஞாயிறு மதியச் சாப்பாட்டில் குடும்பமே அதை மென்றுவிடும்.

"ஆளு பாக்க நல்லா இருப்பாரா? அதையாவது சொல்லேன், கள்ளி!" என்று சிரித்தாள் டெஸ்ஸா.

"கடைசி வரியப் படி."

டெஸ்ஸா படித்தாள். "'ஓட்டியவர் யாரென்று சொல்லும் கடமை எனக்கில்லை. சொல்லப்போவதும் இல்லை.' அம்மா, இது கம்பெனிக்கு!"

"அதுல உனக்கும் ஒரு நகல் எடுத்துக்கோ," என்று டீயை நீட்டினாள் மொய்ரா.