கதவோரம் நின்ற வெல்டர்

“கத்துறவங்களை நம்பலாம்டா. வாயே திறக்காம உன் கையையே பார்த்துட்டு நிப்பாங்க பாரு, அவங்கதான் காலேஜுக்கு எழுதிப் போடுவாங்க.”

“அப்படி என்னடா பண்ணே நீ?”

“குழந்தைக்குத் துணி மாத்தினேன். அவ்வளவுதான்.”

‘மீசை’ என்று எல்லோரும் கூப்பிடும் சக மாணவன் போன வாரம் இப்படிச் சொன்னது, இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அவன் நர்சிங் மூன்றாம் வருடம். பிரசவமான வீடுகளில் குடும்பநலப் பயிற்சி. தாயைத் திரைக்குப் பின்னால் நர்ஸக்கா பார்ப்பார். குழந்தை அவன் பொறுப்பு. ஒரு புகார் வந்தால் மீசையைப் போல அவனும் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குழந்தையின் பாட்டி முதல் நாளே, டாக்டருக்குப் படிக்க மார்க் பத்தவில்லையா என்று கேட்டுச் சிரித்து, அதோடு விட்டுவிட்டாள். அவளுடைய மருமகன், குழந்தையின் அப்பாதான் விடவில்லை. அவர் வெல்டர். கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்று, அவன் விரல் போகும் இடமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனார். இரண்டாவது முறை, வெளிச்சம் போதவில்லை என்று தானே விளக்கைப் போட்டார். எதற்கு இவ்வளவு வெளிச்சம்?

இன்று பாட்டியும் திரைக்குப் பின்னால் மகளோடு இருந்தாள். அவன் குழந்தையை முன்கையில் ஏந்தி, கழுத்தைத் தாங்கி, வெந்நீரில் இறக்கினான். நிமிர்ந்தபோது வெல்டரின் கையில் போன் இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆதாரம் சேர்க்கிறார். குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றும்வரை பொறுத்தான்.

“அண்ணே, நான் ஏதாவது தப்பாப் பண்ணியிருந்தா என்கிட்டயே சொல்லிடுங்க. காலேஜுக்கு மட்டும் எழுதிடாதீங்க.”

வெல்டர் விழித்தார். திரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். தீப்பொறி பட்ட தழும்புகள்.

“எழுதுறதா? அட நீங்க வேற. இந்தக் கையால தொட்டா கீறிடும் மாப்ளேன்னு அத்தை சொன்னாங்க. அதுலேர்ந்து இவளை நான் தூக்கினதே இல்ல. நீங்களும் ஆம்பளைதானே, எப்படிப் புடிக்கிறீங்கன்னு பார்த்துட்டிருந்தேன். தலகாணிய வெச்சுப் பழகிப் பார்த்தேன், அதுக்குக் கழுத்து இல்லையே.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “முதல் நாளே கேக்கணும்னு நினைச்சேன், வெக்கமா இருந்துச்சு. இவளை எப்படித் தூக்குறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க தம்பி.”