போணி வரன்

“எந்த வரன் நம்பரைத் தட்டினாலும் எம்பொண்ணு போட்டோதான் வருது! ஊருல வேற பொண்ணே இல்லியாய்யா?” என்று கத்தினார் மீன்சுருட்டி கலியமூர்த்தி. பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடையோடு கல்யாண வெப்சைட்டும் நடத்தும் ராசாங்கம், “சென்னை சர்வர் கோளாறுங்க” என்று மூன்றாம் நாளாக அதையே சொன்னார். ஜெராக்ஸ் எடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். பேசிவைத்திருந்த அரியலூர் மாப்பிள்ளை வீட்டார், “பொண்ணை இப்படியா தலையில கட்டுவாங்க?” என்று கேட்டுவிட்டார்களாம்.

கலியமூர்த்தியோடு வந்திருந்த, எம்.சி.ஏ. படித்த அவர் மகள் பிரவீணாவே உட்கார்ந்து, எதைக் கேட்டால் எந்தப் பக்கம் காட்டுவது என்று சொல்லும் ரூட் ஃபைலைத் திறந்தாள்.

“என்னங்க இது, முதல் வரியிலயே ‘எது கேட்டாலும் ஒண்ணாம் நம்பர்’னு இருக்கு? கம்ப்யூட்டர் மேலேருந்து படிக்கும், பொருந்துற வரி வந்ததும் நின்னுடும். கீழ இருக்குற பொண்ணுங்களை எங்க பார்க்கும்?”

ராசாங்கம் நெளிந்தார். “நம்ம சைட்டுக்கு உங்கப்பாதாம்மா போணி. போணியை எல்லாத்துக்கும் மேல வைக்கணும்னு நாந்தான் எழுதச் சொன்னேன்.”

அவள் அந்த வரியை அழித்தாள். அவரவர் நம்பரில் அவரவர் வந்தார்கள்.

அரியலூர் மாப்பிள்ளையும் அன்றுதான் மற்றப் பெண்களைப் பார்த்தார். வைகாசியில் இருபத்தேழாம் நம்பரைக் கட்டிக்கொண்டார். “அந்த வரி இருந்துட்டுப் போயிருக்கலாமே!” என்று கலியமூர்த்தி மறுபடி சண்டைக்கு வந்தார். அழித்தவளோ அதற்குள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள்.