முடிவு கெதியா வந்திட்டுது

1

பதினேழு ஒரு ஆம்பிளையாத்தான் இருக்கோணும். இவ்வளவு பிடிவாதம் வேற ஆருக்கு?

இப்படித்தான் யுவனேஸ்வரி முதலில் நினைத்தாள். இந்தக் கதையை எழுதுகிறவளும் அவள்தான். 'நான்' என்றே எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.

கதை அவளுடையதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவள் தாட்சாயினி, செவித்திறன் பற்றி ஆராய்கிற சிநேகிதி. மெல்பேர்னின் மேற்கில் வாழும் முப்பத்தொரு தமிழ் முதியவர்கள் தங்கள் காது மந்தமானதை வீட்டாரிடம் எப்படி மறைக்கிறார்கள் என்பது அவளுடைய கட்டுரை.

"அட்டவணை போட்டா ஒருத்தரும் பாக்கிறேல்லையடி. நீ கதையா எழுதித் தா. முடிவு மட்டும் சந்தோசமா இருக்கோணும். காது மெசினைப் போட்டவுடன பிள்ளையின்ர குரல் கேக்குது, கண்ணீர் வருது, அப்பிடி."

"நீ ஆராய்ச்சிக்காரியோ, சினிமாக்காரியோ?"

"ரெண்டும் இல்லை. ஆக்களைக் கிளினிக்குக்கு வரப்பண்ணோணும், அவ்வளவுதான்."

நேர்காணல்கள் தமிழில் நடந்து ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. பெயர் இல்லை, ஆணா பெண்ணா என்றும் இல்லை. ஆளுக்கொரு எண் மட்டும்; பதினேழு அதில் ஒன்று. எந்த எண் யாருடையது என்பது தாட்சாயினிக்கே தெரியாது. நேர்காணல் எடுத்தது வேறொருவர்.

2

முதல் தொடக்கம்: "வெரிபீ ரயிலில் ஒரு முதியவர் சன்னலோரமாக…"

(விட்டுவிட்டாள். முதியவர்கள் ஏன் கதைகளில் எப்போதும் சன்னலோரம்?)

இரண்டாவது: "முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர், குடும்பத்தினர் சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பதாக…"

(இது இன்னும் கட்டுரைதான்.)

மூன்றாவது: "பதினேழு குக்கர் விசிலைக் கண்ணால் கேட்பார்."

இது நின்றது. ஆவியைப் பார்த்து அடுப்பை அணைப்பதாகப் பதினேழே சொல்லியிருந்தார். அவள் அவருக்கு வெள்ளை மீசை வைத்தாள். மனைவியைச் சாகடித்தாள். ஆனாலும் மீசைக்காரர் ஏனோ வாய் திறக்க மறுத்தார். அவருடைய ஆங்கில வாக்குமூலத்தைப் பேச்சுத் தமிழுக்குத் திருப்பினால் பேசுவார் என்று நம்பி, அவள் எழுதத் தொடங்கினாள்.

3

"ஞாயிற்றுக்கிழமையில மகள் தான் எழுதினதை வாசிச்சுக் காட்டுவாள். தலையைக் குனிஞ்சு வாசிப்பாள், எனக்கு ஒண்டும் கேக்காது. முகத்தைப் பாத்துக்கொண்டிருப்பன். முகம் முடிஞ்சவுடன, நல்லாயிருக்கு, முடிவு மட்டும் கெதியா வந்திட்டுது எண்டுவன். அடுத்த கிழமை நீட்டி எழுதிக்கொண்டு வருவாள். காது கேக்கேல்லை எண்டு சொன்னா, பேப்பரைக் கையில தந்திட்டுப் போயிடுவாள்."

கடைசிச் சொல்லை எழுதிவிட்டு முதலிலிருந்து திரும்ப வாசித்தாள். மீசை உதிர்ந்தது. மீசைக்காரர் இருந்த இடத்தில் அவளுடைய அம்மா பவளம் குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அந்த மகளை 'நான்' என்று எழுத யுவனேஸ்வரிக்குத் துணிவில்லை.

நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு புத்தகம். இரண்டிலும் முதல் பக்கத்தில் 'என் முதல் வாசகி அம்மாவுக்கு'.*

(அந்த நேர்காணல் நடந்த முதியோர் சங்கத்துக்குப் புதன்கிழமைகளில் அம்மாவைக் காரில் கொண்டுபோய் விடுகிறவளும் அவளேதான்.)

* அவளுடைய கதைகளில் முடிவுகள் அவசரப்படுவதில்லை என்று ஒரு விமர்சகர் பாராட்டியிருக்கிறார்.

4

முடிவுகள்:

(அ) தாட்சாயினி கேட்டது. மெசின், குரல், கண்ணீர்.

(ஆ) "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்று மகள் கேட்கிறாள். அம்மா யாரோ ஒரு அந்நியரிடம் நம்பிச் சொன்னதை மகளே திருடி வந்து முகத்தில் எறிகிறாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்

(அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

(இ) இந்த இடம் உங்களுக்கு.

5

ஞாயிற்றுக்கிழமை பொயிண்ட் குக்கிலிருந்து வெரிபீக்கு, அம்மா இருக்கும் தம்பியின் வீட்டுக்குப் போனாள். கையில் இந்தக் கதை, நான்காம் பகுதி வரை. உரத்து வாசித்தால் அம்மா எங்காவது திடுக்கிட வேண்டும். திடுக்கிட்டால் அம்மாவுக்குக் காது கேட்கிறது, பதினேழு வேறு யாரோ. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டாள்.

வாசித்தாள். மூன்றாம் பகுதி வந்தது. அம்மா சொன்னதை அம்மாவுக்கே, ஒரு சொல் விடாமல் வாசித்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வழக்கம்போலப் புன்னகையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை வாசிக்காமல் தாள்களைத் தாழ்த்தினாள். அம்மா 'நல்லாயிருக்கு' என்று சொல்லவில்லை. முடிவைப் பற்றியும் சொல்லவில்லை.

"என்ன பிள்ளை, கண் கலங்குது? அப்பிடி என்னத்தை எழுதினனீ?" கையை நீட்டினார். "கொண்டா பேப்பரை. நானே ஒருக்கா வாசிக்கிறன்."

யுவனேஸ்வரி தாள்களை மடித்து மடியில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டாள். கதிரையை அருகே இழுத்தாள். உதடுகள் தெரியும்படி முகத்தை நிமிர்த்தினாள்.

"இல்லையம்மா," என்றாள் மெதுவாக. "முடிவு இன்னும் எழுதேல்லை. அடுத்த ஞாயிறு நானே வந்து வாசிக்கிறன்."