ஐம்பத்திரண்டு மீட்டர்

பாதையை அளந்து முத்திரை வைக்க வெளியூரிலிருந்து வந்திருந்த மினோபே சைக்கிளை விட்டு இறங்கி, முன்சக்கரத்தின் சுழற்சியைக் கணக்கிடும் எண்ணியைக் குனிந்து பார்த்தார். நோட்டில் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். ஒரே கணக்கை ஒரு மனுஷன் இரண்டு தடவை போட்டால் நல்ல சேதி வராது.

"குறையுது சாயே சான். ஒரு சுத்துக்கு அம்பத்திரண்டு மீட்டர்," என்றார் என்னிடம்.

எங்கள் தீவின் டிரையத்லானுக்கு நான்கு வருடமாகப் பாதை போடுபவள் நான். டவுன் ஆபீஸில் சாலைப் பிரிவு. விரிகுடாவில் மூன்று கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர் நீச்சல், மலையைச் சுற்றி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் துறைமுகச் சாலையை மூன்று முறை சுற்றி ஒரு முழு மாரத்தான். நீச்சலையும் சைக்கிளையும் மினோபே முந்தின நாளே அளந்து சரி சொல்லிவிட்டார். ஓட்டம் மட்டும் பாக்கி. சுற்றுக்கு 14,065 மீட்டர் வேண்டும். அவர் எண்ணியில் 14,013.

நான்கு மணிக்கு அவருடைய கப்பல். அவர் முத்திரை வைக்காமல் ஏறினால் 'முழுத்தூரம்' என்ற பெயரை நாங்கள் போட்டுக்கொள்ள முடியாது. மூன்று வாரத்தில் போட்டி. அந்தப் பெயருக்காகத்தான் எண்ணூறு பேர் பதிந்திருந்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "உங்க எண்ணிதான் தப்பு. நானும் ஹமசுனாவும் ஏப்ரல்ல அளந்தோம், துல்லியமா வந்துச்சு!"

சைக்கிள் கடை ஹமசுனா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். "அந்த வண்டிக்கு நான்தான் காத்தடிச்சேன். சந்தேகமே வேணாம்."

"சரி, என் பின்னாடி வாங்க ரெண்டு பேரும்," என்றார் மினோபே.

முதல் வளைவு. எங்கள் துறைமுகச் சாலையில் வளைவுக்கு ஒரு ஜிசோ உண்டு. சிவப்புத் துணி கட்டிய, முழங்கால் உயரக் கல்சாமி. மினோபே அந்தச் சாமியின் காலடியை உரசுகிற மாதிரி உள்பக்கமாக வெட்டித் திரும்பினார். எனக்குத் திக்கென்றது. நானும் ஹமசுனாவும் எப்போதும்போல மூன்று மீட்டர் விலகிப் போனோம்.

அவர் பிரேக் போட்டுத் திரும்பினார். "ஏன் அங்க போனீங்க?"

ஏன் போனோம்? பிறந்ததிலிருந்து அப்படித்தான் போகிறோம். தபால்காரர், மீன் லாரி, பள்ளிப் பிள்ளைகள், எல்லோரும் அப்படித்தான். சாமி காலை யாராவது ஒட்டிப் போவார்களா?

"அப்ப ஏப்ரல்ல அளந்தப்பவும்..." என்று ஆரம்பித்த ஹமசுனா, முடிக்காமல் தலையில் அடித்துக்கொண்டான்.

ஓடுகிறவன் எவ்வளவு குறுக்கே வெட்ட முடியுமோ, அந்தக் கோட்டைத்தான் அளக்க வேண்டும். நாங்கள் பக்தியை அளந்துவிட்டு வந்திருக்கிறோம். பதினொரு வளைவு, வளைவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். சாலையை நீட்டவும் வழியில்லை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் பாறை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

மினோபே நல்ல மனுஷன். யோசித்துச் சொன்னார்: "வளைவுல தடுப்பு வெச்சு ஆளுங்கள வெளிப்பக்கமா போக வெச்சா, அந்தக் கோட்டை அளக்கலாம். ஆனா தடுப்பு நகரக்கூடாது. போட்டி முடியுறவரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. பேரோட எழுதித் தரணும். இன்னிக்கே."

பதினொரு ஆள்! தண்ணீர் கொடுக்கவே ஆள் பற்றாமல் பக்கத்துத் தீவில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வீடுவீடாகச் சுற்றறிக்கைப் பலகை போய், படித்ததாக எல்லோரிடமும் முத்திரை வாங்கி வர ஒரு வாரம் ஆகும். அப்போது மணி பன்னிரண்டு.

ஆபீஸுக்கு ஓடினேன். துறைத்தலைவர் சாப்பிடப் போயிருந்தார், அவருடைய அதிர்ஷ்டம். புயலுக்கும் சுனாமிக்கும் மட்டும் என்று எழுதி ஒட்டியிருந்த ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினேன்.

"ரோடு செக்‌ஷன் சாயே பேசுறேன். புயல் இல்ல, பயப்படாதீங்க. ஓட வர்ற வெளியூர்க்காரங்க நம்ம ஜிசோ காலை மிதிச்சிட்டுப் போகப்போறாங்க. தப்பு அவங்க மேல இல்ல, அவங்களுக்குத் தெரியாது. ஒரு வளைவுக்கு ஒரு ஆள் நின்னு தள்ளிப் போகச் சொல்லணும். ரெண்டு மணிக்குள்ள வாங்க. கையில என்ன கிடைக்குதோ எடுத்துட்டு வாங்க!"

இரண்டு மணிக்கு மினோபே மறுபடி கிளம்பினார். பின்னால் நானும் ஹமசுனாவும்.

முதல் வளைவில் முடிதிருத்துபவர், பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அடுத்ததில் தபால்காரர். மூன்றாவதில் ஊறுகாய்க் கல்லைச் சாலையில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார் டோஃபு கடைக்காரர். "இது நகராது, நானும் நகரமாட்டேன்!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மினோபே ஒவ்வொரு தடுப்பையும் கடந்ததும் இறங்கி, இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, பெயரை எழுதிக்கொண்டார்.

பத்து வளைவுகள். பத்து ஆட்கள். பதினொன்றாவதுதான் எனக்குக் கவலை. அந்த ஜிசோவைப் பார்த்துக்கொண்ட குடும்பம் ஒசாகா போய் ஆறு வருடம். பக்கத்தில் இருப்பது மீனவர் சங்கக் கொட்டகை ஒன்றுதான். அதன் தலைவி ஃபுமியோ அக்காவுக்கு என் போட்டியே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சாலையை அடைத்தால் கணவாய் மீன் எப்படிக் கப்பலுக்குப் போகும் என்று, போன வாரம்தான் என் அறிவிப்பை என் கண்முன்னே கிழித்துப் போட்டார். ஆளில்லாமல் ஒரு வளைவு நின்றாலும் ஐந்து மீட்டர் போய்விடும்.

திரும்பினோம். சாலை நடுவில் மீன் பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பின்னால் ரப்பர் பூட்ஸோடு ஃபுமியோ அக்கா.

"என்னடி முழிக்கிற? உன் போட்டிக்காக நிக்கல. இந்தச் சாமிக்கு ஆறு வருஷமா துணி மாத்துறது யாருன்னு நினைச்ச?"

"அக்கா... மத்தியானத்திலிருந்து கடைசி ஆள் வர்றவரைக்கும் நிக்கணும். ராத்திரி ஒம்பது ஆகும்."

"கணவாய் பிடிக்கப் போனா விடியவிடிய நிக்கிறவ நான். ஒம்பதாம்!" மினோபேயைப் பார்த்து விரலை நீட்டினார். "யோவ் சைக்கிள்காரரே, இன்னும் வெளிப்பக்கமா போங்க! பெட்டிய இடிச்சீங்கன்னா தெரியும்!"

மினோபே பயந்துபோய் இன்னும் வெளிப்பக்கமாகப் போனார்.

அந்த வளைவை ஒட்டியே இருந்த எல்லைக் கோட்டில் இறங்கி எண்ணியைப் பார்த்தார். கணக்குப் போட்டார். நான் அவருடைய பேனாவையே பார்த்தேன். இந்த முறை ஒரே ஒரு தடவைதான் போட்டார்.

"பதினாலாயிரத்து அறுபத்தாறு."

ஹமசுனா விரலை மடக்கினான். "ஒண்ணு கூட இருக்கே! மூணு சுத்துக்கு மூணு மீட்டர். ஓடுறவன் நம்மளத் திட்டுவான்."

"திட்டட்டும்!" என்று கத்தினேன். துறைமுகமே திரும்பிப் பார்த்தது. மினோபே பைக்குள்ளிருந்து முத்திரையை எடுத்து, காகிதத்தை மீன் பெட்டிமேல் விரித்து, பதினொரு பெயர்களுக்கும் கீழே அழுத்தி வைத்தார். ஃபுமியோ அக்கா எட்டிப் பார்த்துத் தன் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த வைத்தார். எங்கள் குட்டித் தீவில் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டரும் இருந்தன. ஒரு சாண்கூடக் குறையவில்லை.