எதிர்க்காற்று

ஸ்டீல்ஸ் வீதியில் எதிர்க்காற்று அடித்தது. கிளிபோட் சைக்கிளில் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகின் மறைவில் அணித் தலைவன் அன்ட்ரூ வந்தான். போட்டிகளில் தலைவன் களைக்காதபடி முன்னால் போய்க் காற்றை உடைப்பதும், பின்னால் வரும் அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல் வாங்கிவந்து கொடுப்பதும்தான் கிளிபோட்டின் வேலை. அதில் தன்னை விஞ்ச இந்த அணியில் ஆளில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

போன கிழமைவரை அதே வேலையைக் கஜீவனும் செய்தான். ஊக்கமருந்துப் பரிசோதனையில் பிடிபட்டதும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பயிற்சி முடிந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் கிளிபோட் டோர்செட் பார்க் பகுதியிலிருந்த கஜீவனின் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த கஜீவனின் மனைவி செரீனா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

"ஏன் அண்ணை அந்த மருந்தை எடுத்தனீங்கள்?" என்று கிளிபோட் கேட்டான்.

கஜீவன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "வருசம் முடியக் கொன்ட்ராக்டும் முடியும். போன சீசன் மலையேத்தத்தில அன்ட்ரூவுக்கு முன்னால நிண்டு இழுக்க ஏலாமல் போச்சு. டொக்டரைப் போய்ப் பார் எண்டு மனேஜர் மரியோ சொன்னார். என்னத்துக்கெண்டு நானும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை. மற்ற டீம்காரர் பறக்கிறதை நீயும் பாக்கிறாய்தானே."

"அன்ட்ரூ?"

"அவனும் அந்த டொக்டரிட்டைத்தான். டெஸ்டில பிடிபடாமல் எப்ப நிப்பாட்ட வேணுமெண்டு அவனுக்குச் சொல்லுவினம். எனக்கு ஆர் சொல்லுறது?"

மறுநாள் அணி மேலாளர் மரியோ கிளிபோட்டை மிசிசாகா அலுவலகத்துக்கு அழைத்தார். பத்திரிகைக்காரர்கள் வரப்போகிறார்கள்; கஜீவன் தனியாகச் செய்த காரியம், அணிக்கு எதுவும் தெரியாது என்று நீ சொல்லவேண்டும் என்றார். நீங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர், நீ சொன்னால் நம்புவார்கள். அப்படிச் சொன்னால் உனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் தயாராக இருக்கிறது என்றும் சொன்னார்.

கிளிபோட் பதறவில்லை. "அவர் தனியாகச் செய்யவில்லை," என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான். "யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

"வேறு எந்த அணியும் உன்னை எடுக்காது."

"காற்றை உடைக்கத் தெரிந்தவன் எப்படியும் பிழைப்பான்."

அவன் ஓட்டிவந்த சைக்கிள் அணிக்குச் சொந்தமானது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலைக்கவசத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து வெளியே வந்தான்.

வாசலில் அணியின் வேனை ஒருவன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கஜீவனின் படத்தைச் சுரண்டி எடுத்தாயிற்று. இப்போது பக்கத்துப் படத்திலிருந்த அன்ட்ரூவின் சிரித்த முகத்தை, கீறல் விழாதபடி, மெல்லிய ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.