பதினொரு வலது இறக்கைகள்

உன்னோ ஃபுசாஎ அம்மாளுக்குக் குரேபயாஷி தமோட்சு கொடுக்க வேண்டியிருந்தது அறுபத்து நாலாயிரத்து முந்நூறு யென். கைமாற்றாக வாங்கிய பணமில்லை. ஒரு தாளைத் தேடிக் கொடுப்பதாகச் சொல்லி, மூன்று தடவையாக முன்பணம் வாங்கி, கடைசியில் மொத்தத்துக்கும் ஒரே ரசீதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். தாள் கிடைக்கவில்லை. பணம், இடுப்புப் பிடித்துக்கொண்டு அவன் வேலைக்குப் போகாமல் கிடந்த ஏப்ரல் மாதத்தில் வாடகையாகவும் சோறாகவும் கரைந்துபோயிற்று.

ஷிசுஓகாவில் பழைய வீடுகளை இடிக்கிற கூலிக்காரன் அவன். ஐம்பத்தெட்டு வயது. இடிக்கிற வீட்டு அலமாரிகளில் எப்போதாவது பழைய மாடல் விமானப் பெட்டி கிடைக்கும். பெட்டியைவிட உள்ளே இருக்கும் செய்முறைத் தாளுக்குத்தான் கிராக்கி. பால்சா என்கிற லேசான கட்டையில் விமானம் செய்கிறவன் அந்தத் தாளைப் பலகைமேல் விரித்து, வரைந்த கோட்டின் மேலேயே குச்சியை வைத்து, குண்டூசி குத்தி, பசை போட்டு ஒட்டுவான். விமானம் எழுந்து நிற்கும்போது தாள் கந்தலாகியிருக்கும். அதனால் விமானங்கள் தப்பின, தாள்கள் தப்பவில்லை. சேகரிப்பவர்களுக்கு அவற்றைத் தேடிக் கொடுத்து நாலு காசு பார்ப்பது குரேபயாஷியின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஃபுசாஎ அம்மாள் கேட்டது 'கடற்காகம்' என்ற விமானத்தின் தாள். செய்த கம்பெனி அறுபது வருடங்களுக்கு முன்பே தீப்பிடித்து மூடிப்போய்விட்டது. போன செப்டம்பரில் இறந்த அவள் கணவர் உன்னோ ஷிகேகி, ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்தவர், பாதியில் விட்டுப்போனது அது. ஜூலையில் அவருக்கு முதல் ஓபோன் பண்டிகை வருகிறது, இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து திரும்பிப் போகிற நாட்கள். அதற்குள் தாள் வேண்டும், அசல்தான் வேண்டும் என்றாள். கணவர் படத்துக்கு முன்னால் வைக்க ஆசைப்படுகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டான்.

மே கடைசியில், ஹமாமட்சுவில் ஒரு பல் டாக்டரிடம் அசல் ஒன்று இருப்பது தெரிந்தது. எவ்வளவு கொடுத்தாலும் தரமாட்டேன் என்றார் டாக்டர். மனது கேட்காமல், தாளில் இருந்த வரைபடத்தை மட்டும் இரண்டு துண்டாக நகல் எடுத்து ஒட்டிக் கொடுத்தார். குரேபயாஷி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் நன்றி சொல்லி, வைத்துப் பார்க்கலாம், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் போனபோது அந்த நகல் நாலாக மடிக்கப்பட்டுக் குப்பைக்கூடையில் கிடந்தது.

"ரெண்டு மில்லிமீட்டர் கம்மியாம், குரேபயாஷி சான். நகல் மிஷின்ல தாள் இழுத்துக்கிச்சு போல."

யார் அளந்தது என்று கேட்டான். அவள் உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

பாய்மேல் இறக்கைகள் வரிசையாகக் கிடந்தன. முழங்கை நீளம், மீன்முள் போல மெல்லிய விலாக்குச்சிகள். குரேபயாஷி எண்ணினான், ஒன்பது. ஒரு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாமே வலது இறக்கைகள். முதல் நாலும் வெளுத்த பால்சா. அடுத்தவை வேறு மரம். ஜன்னல் பக்கம் பார்த்தான். காகிதக் கதவின் குறுக்குச் சட்டங்கள் பாதி இல்லை.

அவர் உயிரோடிருந்தபோது கட்டிய வலது இறக்கையும் விமானத்தின் உடலும் வேலைப்பலகைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தன. அவர் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அதே போல இன்னொரு வலது இறக்கை பலகைமேல் இருந்ததாம். பிறகு மாதத்துக்கு ஒன்று, இப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. பால்சா தீர்ந்ததும் வாங்கி வைத்தாள், அதுவும் தீர்ந்தது. பிறகு கதவு, பிறகு சோற்றுக் கரண்டி. போன வாரம் தலைமாட்டில் வைத்திருந்த மூங்கில் சீப்பு காணாமல் போயிற்று என்று, யாரோ பக்கத்து வீட்டுக்காரர் செய்த தொந்தரவைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"தப்பு என்னோடது. சவப்பெட்டியில அவரோட மூக்குக்கண்ணாடியையும் அந்தத் தாளையும் வெச்சேன், போற எடத்துல செஞ்சுக்கட்டும்னு. கண்ணாடி எரியாதுன்னு சுடுகாட்டுக்காரங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. தாள் எரிஞ்சுபோச்சு. வலது அவர் கைக்குப் பழகினது. இடதுக்குத் தாள் இல்லாம என்ன பண்ணுவாரு, பாவம்."

கிழவியே செய்துவிட்டுக் கதை சொல்கிறாள் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். அவள் தேநீர் ஊற்றினாள். விரல்கள் வாதத்தில் முறுக்கிக் கிடந்தன. கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அண்டக் கொடுத்துத்தான் தூக்க முடிந்தது. அவன் தேநீரைக் குடிக்காமலே எழுந்தான்.

"இதை முடிக்காம அவர் ஓபோனுக்கு வந்துட்டுத் திரும்பிப் போக மாட்டார்," என்றாள் வாசலில். "மரம்னு இந்த வீட்டுல இனிமே இருக்கிறது தூணுங்கதான்."

பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அந்த நகலை அவன் குப்பையிலிருந்து எடுத்து வந்திருந்தான். கீழ் மூலையில், பொடி எழுத்தில், அச்சகத்தின் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு தேடிப் போனான். அச்சகம் இருந்த இடத்தில் சலவைக்கடை இருந்தது. கடைக்காரர் அச்சகக்காரரின் மகன். மை சரியாக விழாத தாள்களை அப்பா எடைக்குப் போடுவார், நகர்த்துக் கதவு செய்கிறவர்கள் உள்ளொட்டுக்கு வாங்கிப்போவார்கள் என்றார். மேலே தெரிகிற அழகான காகிதத்துக்குக் கீழே ஐந்தாறு அடுக்குக் கழிவுத்தாள் ஒட்டுவது அந்தத் தொழிலின் வழக்கம். அப்படி வாங்கிப்போன, ஃபுஜிஎதாவில் இருந்த ஒரு கதவுக்காரரின் பழைய நோட்டில், தாள் அச்சான வருடம் கதவு போட்ட நாலு இடங்கள் இருந்தன. இரண்டு எப்போதோ போய்விட்டன. மூன்றாவதைக் குரேபயாஷி இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். இரண்டு வருடங்களுக்கு முன் அவனே கடப்பாரை போட்டு இடித்த வீடு. கதவுகளை மிதித்து உடைத்து லாரியில் எறிந்தவனும் அவன்தான்.

நாலாவது, ஒகாபேயில் பூட்டிக்கிடந்த ஒரு சத்திரம். சொந்தக்காரனுக்கு இரண்டு நாள் வேலையை இனாமாகச் செய்து கொடுத்துப் பன்னிரண்டு கதவுகளை வாங்கினான். தன் அறையில் ஈரத்துணி போட்டு ஊறவைத்து, அடுக்கடுக்காக உரித்தான். அரிசிக்கடைக் கணக்கு, பள்ளிக்கூட நோட்டு, தேர்தல் நோட்டீஸ். ஒன்பதாவது கதவின் நாலாவது அடுக்கில் ஒரு விலாக்குச்சியின் வளைவு தெரிந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பி உரித்தான். தலைப்பின் சிவப்பு மை விலகி விழுந்ததால் கழித்த தாள். கோடுகள் ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஜூலை பதினொன்றாம் தேதி மத்தியானம் அதைக் கொண்டுபோனான். உள்ளறையில் இப்போது பதினொரு இறக்கைகள் இருந்தன. வாசல் தூணில் அரை விரல் ஆழத்துக்குப் புதிதாக ஒரு கத்தி வெட்டு.

தாளைப் பலகைமேல் விரித்தார்கள். கத்தி, குண்டூசி, பசை, அவன் வழியில் வாங்கிவந்த பால்சா எல்லாம் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. ஆற்றங்கரையில் எவனோ புல் வெட்டுகிற மிஷின் சத்தம் மட்டும்.

திடீரென்று அவள் சிரித்தாள். "எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சு. அவர் எந்தக் காலத்துல தானே படிச்சாரு? நான் படிப்பேன், அவர் செய்வாரு. நாப்பது வருஷமா அப்படித்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, புரை விழுந்து எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது, அவன்தான் படிக்க வேண்டும் என்றாள்.

குரேபயாஷி தாளின் ஓரத்து எழுத்துகளைப் பார்த்தான். நாற்பத்து மூன்று வயதில் ராத்திரிப் பள்ளியில் எழுத்துப் படித்தவன். தாளில் இருந்ததோ அந்தக் காலத்து எழுத்து.

"நான் மெதுவாத்தான் படிப்பேம்மா."

"அவருக்கு மட்டும் என்ன அவசரம்."

படித்தான். பதினான்காம் படி, இடது இறக்கை. தனிப் படம் இல்லை. தாளின் பின்பக்கம் எண்ணெய் தடவினால் கோடுகள் மறுபுறம் தெரியும், திருப்பி விரித்து அதன்மேல் கட்டவும். அவள் சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தாள். பஞ்சால் தடவியதும் தாள் கண்ணாடி போலத் தெளிந்தது. அவள் திருப்பிப் போட்டாள். ஓரத்து எழுத்துகள் இப்போது இடவலம் மாறித் தெரிந்தன. அவன் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, அடிப்பக்கத்தைப் பார்த்துப் படித்தான். அதனால் பலகையில் நடந்ததை அவன் பார்க்கவில்லை. காதால் கேட்டான்.

மரத்தில் கத்தி இறங்குகிற சத்தம். குண்டூசி ஒவ்வொன்றாகக் குத்துகிற சத்தம். பசை வாடை. ஒரு படியைப் படித்து முடித்தால் சத்தம் தொடங்கும். வேலை முடிந்ததும் நின்று, அடுத்த படிக்குக் காத்திருக்கும். கையில் பிடித்திருந்த தாள் ஒவ்வொரு குத்துக்கும் மெல்ல இழுபட்டது.

பதினேழாம் படியில் அவன் தடுக்கி நின்றான். ஒரு முழுச் சொல்லாக நிற்கும் ஒரே ஒரு எழுத்து. அவன் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. கத்தி நின்றுவிட்டது. அவள் மூச்சு அறையின் அந்தப் பக்கம் கேட்டது. இந்தப் பக்கம், அவன் காதோரம், யாரோ எழுத்தைப் பார்க்கக் குனிந்ததுபோல் ஜில்லென்று காற்று பட்டது. காற்றில் பசையும் பழைய புகையிலையும் மணத்தன. அவன் வாய் தானாக அந்தச் சொல்லைச் சொன்னது. குரல் மட்டும்தான் அவனுடையது. கத்தி மறுபடி நகர்ந்தது.

இருபத்திரண்டாம் படி முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவன் கழுத்து மரத்துப்போய் நிமிர்ந்தான். பலகைமேல் ஊசிகளுக்கு நடுவே ஓர் இடது இறக்கை. அவள் விரல் நுனியால் தொட்டாள், பசை இன்னும் காயவில்லை.

"முதுகு வலிக்குதா?" என்று கேட்டாள். அவனைப் பார்த்துக் கேட்கவில்லை.

பதினாறாம் தேதி அவள் வாசலில் சணல்குச்சி கொளுத்தி அவரை வழியனுப்பினாள். மறுநாள் காலை அவனுக்கு ஆள் அனுப்பினாள். உள்ளறையில் அந்தப் பதினொன்றும் அப்படியே கிடந்தன. உயிரோடிருந்தபோது அவர் கட்டிய பழைய வலது இறக்கையும், புதிய இடதும், விமானத்தின் உடலும் இல்லை. பலகை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அவள் பூசை மாடத்தின் இழுப்பறையிலிருந்து ரசீதை எடுத்துக் கொடுத்தாள். கிழித்துப்போடலாம் என்று காலையில் எடுத்தாளாம். அறுபத்து நாலாயிரத்து முந்நூறு என்ற எண்ணின் குறுக்கே, அடிமட்டம் வைத்ததுபோல் நேராக, நெருக்கமாகக் குண்டூசித் துளைகள் ஓடியிருந்தன.

"அவரோட பணம்தானே அது," என்றாள். "அவரே கணக்கை அடிச்சிட்டாரு."