பொரிக்கு வந்த கெலா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு முந்தியே, கோம்பாக் ஆறு கோலாலம்பூரைத் தொடும்போது ஈயச் சுரங்கச் சேறு கலந்து டீத்தண்ணீர் நிறத்தில்தான் ஓடியது. அந்தச் சேற்றில் கெலா மீன் பிழைக்காது. மேலே, கல்லுடைக்கும் மலையடியில் கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த பாறை மடுவில் மட்டும் தண்ணீர் தெளிவாக இருந்தது. வெற்றிலை அகலச் செதிலோடு மிச்சமிருந்த கெலாக் கூட்டம் அங்கே ஒண்டிக்கொண்டிருந்தது.

மலையில் வெடி வைக்கும் வேலாயுதம் காய்ச்சலில் படுத்தபோது, அவன் மனைவி பவுனம்மாள் ஆற்றங்கரை முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். புருஷன் எழுந்து வேலைக்குப் போகும்வரை வெள்ளிதோறும் அந்த மீன்களுக்குப் பொரி போடுவதாக வேண்டுதல். முதலில் மீன்கள் எட்டவே நின்றன. போகப் போக, பொரி விழுந்ததும் வாயைத் திறந்துகொண்டு அவள் காலடிக்கே வந்தன. பிள்ளையில்லாதவளுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். சும்மா இருந்தாளா? லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே பவுனம்மாள் வாயால் மீன் கெட்டது.

வேலாயுதம் தேறி வேலைக்குப் போனான். அந்த வாரமே, தனக்குக் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்ட லயத்துக்கு விருந்து வைக்க ஆசைப்பட்டான். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்துக்கு மூளையும் இருக்கவேண்டும் என்று சட்டமா என்ன? மலையில் மிஞ்சிய வேட்டு ஒன்றையும் அவள் பானையிலிருந்து ஒரு படி பொரியையும் எடுத்துக்கொண்டு, அண்டை வீட்டுக் கன்னையாவோடு மடுவுக்குப் போனான். பொரியை வீசினார்கள். மீன்கள் வந்தன. வேட்டைப் போட்டார்கள்.

சத்தம் மலையிலிருந்து வருகிறது என்றுதான் பவுனம்மாள் நினைத்தாள். மீன் கூடைகள் வாசலில் இறங்கியதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து வேலாயுதம் சமாதானம் சொன்னான்.

"நான்தான் வேலைக்குப் போயிட்டேன்ல பவுனு. வேண்டுதல் முடிஞ்சிருச்சு. இனிமே அது சும்மா மீனுதானே?"

கணக்கில் பிழையில்லை. அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து பெரியதொன்றை அறுத்தாள். வயிற்றில் பொரி, இன்னும் சரியாக ஊறக்கூட இல்லை.

"நான்தான் வந்திருக்கேன்னு நெனச்சு வந்திருக்குங்க" என்றாள்.

லயம் வயிறாரச் சாப்பிட்டது. வேலாயுதம் தன் பங்கைக் கன்னையா பக்கம் தள்ளிவிட்டான்.

அடுத்த வெள்ளி அவள் பொரிப் பானையைத் தொடவில்லை. அவனே அள்ளிக்கொண்டு போய் மடுவில் வீசினான். இருட்டும்வரை நின்று பார்த்தான். ஒன்றுகூடக் குறையாமல் பொரி கீழே சேற்றுத் தண்ணீரை நோக்கி மிதந்து போயிற்று.